ரீஸ்டோர் செய்த பிறகு ஃபோல்டர் தேதிகள் மாறிவிட்டனவா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேக்கப்பில் பிரச்சினை என்று வருகிற பலருக்கு ஒரு ஃபைலும் தொலைந்திருக்காது. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் வந்தார். "தம்பி, படமெல்லாம் இருக்கு. ஆனா எந்த வீட்டுக் கல்யாணம் எந்த வருஷம்னு ஒண்ணும் வெளங்கல" என்றார். அவர் ஃபோல்டருக்குத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும்தான் வைப்பார். வருடத்தை அறிய, தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பார். பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்த பிறகு, அதாவது ரீஸ்டோர் செய்த பிறகு, அத்தனை ஃபோல்டரிலும் ஒரே தேதி: ரீஸ்டோர் நடந்த அதே செவ்வாய்க்கிழமை. அப்புறம் ஒரு தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் ஐயா, செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு) ஃபோல்டர்களோடு இதே குறையைச் சொல்லி வந்தார். பிறகு ஒரு பாடசாலை. இப்போது வரிசைப்படி பார்க்கப் பழகிவிட்டேன். அந்த வரிசைதான் கீழே இருக்கிறது.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழில் எழுதினால் இரண்டு 'டி' ஒன்றாகிவிடும். அதனால் தேவையான இடத்தில் டிக்கோயா டி, தலவாக்கலை டி என்று பிரித்துச் சொல்கிறேன். ஊர்ப்பலகையில் அந்த இரண்டு பெயரும் ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் தொடங்குகின்றனவோ, அந்த எழுத்து: டிக்கோயாவுடையது ஆங்கில அகரவரிசையில் நான்காவது, தலவாக்கலையுடையது இருபதாவது.

முதலில் ஒரு சோதனை மரம்

உண்மையான பேக்கப்பில் கை வைக்கும் முன் சின்னதாக ஒரு ஃபோல்டர் மரம் செய்து கொள்ளுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்: ஒரு வெற்று ஃபோல்டர்; நான்கைந்து அடுக்கு ஆழமுள்ள ஒன்று; தமிழ்ப் பெயரும் நடுவில் இடைவெளியும் உள்ள ஒன்று; எழுத அனுமதி இல்லாத ஒன்று; உள்ளே இருக்கும் ஃபைலைவிடப் பழைய தேதி கொண்ட ஒன்று. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலைச் சேர்த்தாலோ, அழித்தாலோ, பெயர் மாற்றினாலோதான் ஃபோல்டரின் தேதி மாறும். உள்ளே இருக்கும் ஃபைலின் உள்ளடக்கத்தை அப்படியே திருத்தினால் மாறாது. அதனால் ஃபைலைவிடப் பழைய ஃபோல்டர் எல்லோரிடமும் இருக்கும்.

ஃபைல்களையெல்லாம் போட்டு முடித்த பிறகு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் லினக்ஸின் 'டச்' கட்டளையின் --டேட் விருப்பத்தால் (ஆப்ஷனால்) பழைய தேதி கொடுங்கள்: 1998, 2004, 2015 என்று. நேற்றைய தேதி கொடுத்தால், மாறியதா இல்லையா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

இப்போது பட்டியல். 'ஃபைண்ட்' கட்டளைக்கு -டைப் விருப்பத்தில் டிக்கோயா டியைச் சின்ன எழுத்தில் கொடுங்கள். ஃபோல்டர்கள் மட்டும் வரும். -பிரிண்ட்எஃப் விருப்பத்தில் முதலில் பாதை (விழுக்காட்டுக் குறி, சின்ன பி), ஓர் இடைவெளி, பிறகு நேரம் (விழுக்காட்டுக் குறி, பெரிய தலவாக்கலை டி, கூட்டல் குறி), கடைசியில் புதிய வரிக்கான பின்சாய்கோடும் சின்ன 'என்' எழுத்தும். அதை வரிசைப்படுத்தும் 'சார்ட்' வழியாக அனுப்பி ஒரு ஃபைலில் சேமியுங்கள். அந்த ஃபைலை மரத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால், அது உருவான அந்த நொடியிலேயே மேல் ஃபோல்டரின் தேதி மாறிவிடும். நானே இரண்டு முறை இப்படி மாட்டி, டார் (ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டிப் பேக்கப் எடுக்கும், பிறகு பிரிக்கும் நிரல்) மீது பழி போட்டிருக்கிறேன்.

பேக்கப் எடுங்கள். வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்யுங்கள். எந்த ஃபோல்டரையும் திறந்து பார்க்காமல் அதே பட்டியலை மறுபடி எடுத்து, வித்தியாசத்தைக் காட்டும் 'டிஃப்' கட்டளையை இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள். நிஜ ரீஸ்டோர் எந்த வழியில் நடக்குமோ, சோதனையும் அதே வழியில் நடக்க வேண்டும்: அதே நிரல், அதே பயனர் கணக்கு, அதே வகை டிஸ்க்.

குனு டாரின் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் டார்) --கம்பேர் விருப்பத்தை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது ஃபைலின் நேரத்தை ஒப்பிடும். ஃபோல்டர் என்று வந்தால் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு நேரத்தைத் தொடாமல் போய்விடும். ஒரு வரியும் காட்டாமல் முடியும், நீங்களும் சரி என்று நினைப்பீர்கள். ஹாஷ் எண் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பீடும் அப்படித்தான். நேரம் அதன் கணக்கிலேயே வராது.

அறிகுறி 1: ஃபைல் தேதி சரி, ஃபோல்டர் எல்லாம் இன்றைய தேதி

*இழுத்துப் போட்டீர்களா?*
விண்டோஸில் மவுசால் இழுத்து நகல் எடுத்தால் ஃபைலின் தேதி தங்கும். ஃபோல்டர் புதிதாகப் பிறந்ததாகக் கணக்காகும். பழுது எதுவும் இல்லை, வழிதான் தவறு. விண்டோஸோடு வரும் நகல் கட்டளையான ரோபோகாப்பியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் சும்மா விட்டால் ஃபோல்டரின் நேரத்தை எடுத்துப் போகாது. /டிகாப்பி (டிக்கோயா டி) விருப்பத்தில் டேட்டா, ஆட்ரிபியூட், டைம் மூன்றின் முதல் எழுத்துகளையும் சேர்த்துக் கொடுங்கள். லினக்ஸில் 'சிபி' கட்டளையை --ரிகர்சிவ் மட்டும் கொடுத்து ஓட்டினால் ஃபைல் தேதியும் சேர்ந்தே தொலையும், --ஆர்கைவ் கொடுங்கள்.

*பேக்கப்பில் ஃபோல்டருக்குத் தனி வரி இருக்கிறதா?*
டார் என்றால் --லிஸ்ட், --வெர்போஸ், --ஃபுல்-டைம் மூன்றையும் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். சாய்கோட்டில் முடிகிற வரிகள்தான் ஃபோல்டர்கள். அப்படி ஒரு வரியும் இல்லையென்றால் பேக்கப் எடுத்தபோதே நேரம் பதிவாகவில்லை. ரீஸ்டோரில் எந்த விருப்பத்தைக் கொடுத்தாலும் வராது. 'ஃபைண்ட்' மூலம் ஃபைல்களை மட்டும் பொறுக்கி டாருக்குக் கொடுத்திருப்பார்கள், அல்லது ஜிப்பில் --நோ-டிர்-என்ட்ரீஸ் போட்டிருப்பார்கள். பேக்கப் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள்.

*யாராவது வேண்டாத விருப்பத்தைச் சேர்த்திருக்கிறார்களா?*
டார் பிரிக்கும்போது --டச், அன்ஜிப்பில் பெரிய டிக்கோயா டி, ஆர்சிங்கில் (மாறியதை மட்டும் நகல் எடுக்கும் நிரல்) --ஓமிட்-டிர்-டைம்ஸ். இந்த மூன்றையும் ஸ்கிரிப்டில் தேடுங்கள். ஆர்சிங்கில் அது ஏன் வந்தது என்பதையும் கேளுங்கள். அனேகமாக "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்ற எச்சரிக்கையை அடக்குவதற்காகத்தான் போட்டிருப்பார்கள். அந்த எச்சரிக்கைக்கான காரணம் அறிகுறி 2-இல் இருக்கிறது.

*பேக்கப்பில் நேரம் இருக்கிறது, வெளியே மட்டும் வரவில்லை என்றால்*
முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. டார் பட்டியலிலிருந்து சாய்கோட்டில் முடிகிற வரிகளை மட்டும் ஒரு ஃபைலில் எடுங்கள். --நோ-ரிகர்ஷன் கொடுத்து, அந்தப் பட்டியலை --ஃபைல்ஸ்-ஃப்ரம் வழியாகக் காட்டிப் பிரியுங்கள். ஃபோல்டர்களின் நேரமும் அனுமதியும் மட்டும் திரும்ப எழுதப்படும், படங்களைத் தொடாது. ஆர்சிங்க் பேக்கப் என்றால் இன்னும் எளிது: --ஆர்கைவ் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். மாறாத ஃபைலை அது நகல் எடுக்காது, ஃபோல்டர் நேரத்தை மட்டும் திருத்திவிட்டு முடிக்கும்.

*எங்கேயும் நேரம் இல்லை*
உள்ளே இருக்கிற ஃபைல்களில் கடைசித் தேதி எதுவோ, அதையே ஃபோல்டருக்குக் கொடுக்கலாம். ஸ்டூடியோ அண்ணனுக்கு அதைத்தான் செய்தேன், அவருக்கு வருடம் தெரிந்தால் போதும். ஆனால் இது ஊகத் தேதி. கணக்கு வழக்குள்ள ஃபோல்டரில் இதைச் செய்துவிட்டு மூலத் தேதி என்று சொல்லக் கூடாது.

அறிகுறி 2: பெரும்பாலானவை சரி, சில ஃபோல்டர் மட்டும் இன்றைய தேதி

*நடுவில் கரண்ட் போனதா?*
எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி இதுதான். மின்சாரம் எடுக்கும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கத்திலேயே இருந்து என்ன, மழைக்குக் கம்பி மேல் மரம் விழுந்தால் எங்களுக்கும் இருட்டுத்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அந்தக் காலத்தில் பாதியில் நின்ற ரீஸ்டோர்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. ஃபோல்டரின் நேரத்தை நிரல் எழுதுவது உள்ளே போக வேண்டியதெல்லாம் போன பிறகுதான். நடுவில் அறுந்தால், ஃபைல் முழுதாக வந்திருக்கும், ஃபோல்டருக்கு மட்டும் நேரம் எழுதப்பட்டிருக்காது. ஆர்சிங்க் என்றால் மறுபடி ஓட்டுங்கள். டார் என்றால், பாதியில் நின்ற ஃபைலும் இருக்கக்கூடும். வெற்று இடத்தில் முதலிலிருந்து பிரியுங்கள், இந்த முறை யுபிஎஸ் மாட்டி.

*எச்சரிக்கை வரி வந்ததா?*
ஒரு ஃபோல்டருக்குப் பழைய நேரத்தை எழுத, அந்த ஃபோல்டரின் சொந்தக்காரராக இருக்க வேண்டும், அல்லது ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்காக). உள்ளே ஃபைல் எழுத அனுமதி இருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே வேறு கணக்கு உருவாக்கிய ஃபோல்டருக்குள் நீங்கள் ரீஸ்டோர் செய்தால் ஃபைல் போகும், நேரம் போகாது. ஆர்சிங்க் இதைச் சொல்லிவிட்டு 23 என்ற எண்ணோடு முடியும். வெற்று இடத்தில் ரீஸ்டோர் செய்யுங்கள், அல்லது சொந்தக்காரரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நெட்வொர்க் பெட்டியில் (பல கணினிகள் பகிரும் டிஸ்க் பெட்டி) பகிர்ந்த இடம் என்றால், அந்தப் பெட்டிக்குள்ளேயே நுழைந்து ஓட்டுவது நல்லது.

*டாருக்குள் வரிசை கலைந்திருக்கிறதா?*
கிளாக்கர் ஐயாவின் குறை இதுதான், கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. அவருடைய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மாதமும் பழைய டாரிலேயே --அப்பெண்ட் மூலம் புதிய ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டே போனது. ஒரு டிவிஷனின் செக்ரோல் ஃபோல்டர் தொடக்கத்தில் இருக்கும். அதே ஃபோல்டருக்கான பிந்திய மாத ஃபைல் கடைசியில் இருக்கும். குனு டார் பிரிக்கும்போது, ஒரு ஃபோல்டரைத் தாண்டி வேறொன்றுக்குப் போனதும் 'இதற்குள் இனி எதுவும் வராது' என்று எண்ணி அதன் நேரத்தை எழுதிவிடும். பிறகு கடைசியில் அந்தப் பிந்திய ஃபைல் உள்ளே விழும். ஃபோல்டரின் நேரம் மறுபடி இன்றைக்கு மாறும். பட்டியலில் ஒரே ஃபோல்டரின் ஃபைல்கள் இரண்டு இடங்களில் சிதறி இருந்தால் இதுதான் காரணம்.

மருந்து ஒரே விருப்பம்: பிரிக்கும்போது --டிலே-டைரக்டரி-ரீஸ்டோர். எல்லாம் முடிந்த பிறகே ஃபோல்டர் நேரங்களை எழுதும். டாரின் இன்கிரிமெண்டல் வகை (மாறியதை மட்டும் எடுக்கும்) பேக்கப்புக்கு இது தேவையில்லை, அதைக் கண்டால் டார் தானாகவே கடைசி வரை பொறுத்திருக்கும். வேறு டார் நிரல்கள் இந்த விருப்பத்தை ஏற்காது. --வெர்ஷன் கொடுத்து உங்களுடையது குனு டார்தானா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

அறிகுறி 3: ஆக மேலே இருக்கிற ஒரு ஃபோல்டர் மட்டும் தவறு

பேக்கப் எடுத்தபோது ஃபோல்டரின் பெயரைக் கொடுக்காமல், உள்ளே போய் நட்சத்திரக் குறி போட்டிருப்பீர்கள். நட்சத்திரம் உள்ளே இருப்பவற்றை மட்டும்தான் தரும், மேல் ஃபோல்டர் பேக்கப்பிலேயே இருக்காது. மேல் மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல்களும் விடுபட்டிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். நட்சத்திரத்துக்குப் பதில் ஒற்றைப் புள்ளி கொடுங்கள். ஆர்சிங்கில் மூலத்தின் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டால் மேல் ஃபோல்டரின் நேரமும் சேர்ந்து போகும்.

டாரிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுத்தீர்கள் என்றால், அதற்கு மேலே உள்ள ஃபோல்டர்கள் அப்போதுதான் உருவாகியிருக்கும். இது பழுது அல்ல.

அறிகுறி 4: நேற்று சரியாக இருந்தது, இன்று மாறிவிட்டது

பேக்கப்பை விடுங்கள். யார் திறந்து பார்த்தது என்று கேளுங்கள்.

மேக்கில் ஃபைண்டர் '.டிஎஸ்_ஸ்டோர்' என்ற ஃபைலை உள்ளே போடும். விண்டோஸில் சில இடங்களில் 'தம்ப்ஸ்.டிபி' வரும். வேர்ட், எக்செல், லிப்ரே ஆபிஸ் எல்லாம் ஆவணத்தைத் திறந்தவுடன் பக்கத்தில் ஒரு பூட்டு ஃபைலைப் போட்டு, மூடும்போது அழிக்கும். ஒன்றைப் போட்டு அழித்தாலும் ஃபோல்டரின் நேரம் மாறியது மாறியதுதான், தடயமும் மிஞ்சாது. கிளாக்கர் ஐயா "நான் ஒண்ணும் மாத்தல, சும்மா தொறந்துதான் பாத்தேன்" என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னதும் உண்மை.

மறைந்த ஃபைல்களைக் காட்டச் செய்து பாருங்கள். பேக்கப் டிஸ்க்கை எப்போதும் வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன், ஃபோல்டர் பட்டியலை எடுத்து ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிடுங்கள். நான் அதை அச்சடித்து அவரிடம் கையெழுத்தும் வாங்குகிறேன். அதற்குப் பிறகு சண்டை குறைந்திருக்கிறது.

அறிகுறி 5: தேதி சரி, நேரம் தள்ளி நிற்கிறது

*ஐந்தரை மணி நேரம்*
இரண்டு கணினியிலும் நேர வலயத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வைத்துப் பட்டியலை எடுங்கள். அப்போது இரண்டும் ஒன்றாக இருந்தால் பழுது எதுவும் இல்லை, காட்டும் விதம்தான் வேறு. அப்போதும் வேறாக இருந்தால், நடுவில் ஒரு பென் டிரைவ் இருந்திருக்கும். ஃபேட் (ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஒரு பழைய முறை) வகை டிரைவ் ஊர் நேரத்தை அப்படியே எழுதும், எந்த ஊர் என்று எழுதாது. பழைய வகை ஜிப்பும் அப்படித்தான். யூடிசியில் ஓடும் மீட்பு லினக்ஸில் அதைத் திறந்தால், நம்முடைய 5:30 அப்படியே பிழையாக வந்து நிற்கும். நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்து மறுபடி நகல் எடுங்கள்.

*அரை மணி நேரம், அதுவும் பழைய ஃபோல்டர்களில் மட்டும்*
இது நம் நாட்டுக்கே உரிய பழுது. 1996 மே மாதம் மின் நெருக்கடியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வைத்தார்கள். 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, பழையபடி 5:30-க்கு வந்தோம். இடைப்பட்ட சுமார் பத்து வருடமும் நாம் யூடிசிக்கு ஆறு மணி நேரம் முன்னால் இருந்தோம்.

2004-இல் காலை 10:00 என்று ஃபேட் டிஸ்க்கில் பதிந்த ஃபோல்டரை இன்று லினக்ஸில் பாருங்கள். படிக்கும்போது இன்றைய 5:30-ஐக் கழித்து 4:30 யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். காட்டும்போது, 2004-இல் இங்கே ஆறு மணி நேரம் என்பது நினைவுக்கு வந்து 10:30 என்று காட்டும். பேக்கப் எடுக்கும் முன்பே நேரம் மாறியாயிற்று. ரீஸ்டோரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது டைம்_ஆஃப்செட் விருப்பத்தில் 360 கொடுங்கள். 2006 ஏப்ரலுக்குப் பிந்திய ஃபோல்டர்கள் அதே டிஸ்க்கில் இருந்தால் அவற்றைத் தனியாக 330 கொடுத்து எடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்தால் ஒரு பாதி கட்டாயம் பிழையாகும்.

*ஓரிரு வினாடி*
விட்டுவிடுங்கள். ஃபேட் இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் எண்ணும். குனு டாரின் வழக்கமான வடிவம் வினாடியின் பின்னத்தை வெட்டிவிடும். பின்னமும் வேண்டுமென்றால் பேக்கப் எடுக்கும்போது --ஃபார்மட்=பாக்ஸ் கொடுங்கள்.

அறிகுறி 6: 1970, 1980, அல்லது சம்பந்தமே இல்லாத ஒரு வருடம்

1970 ஜனவரி 1, காலை 5:30 என்றால் நேரம் சுழியம் என்று பதிந்திருக்கிறது. 1980 ஜனவரி 1 என்றால் ஜிப்பிலோ ஃபேட்டிலோ அதே கதை. பேக்கப் எடுத்த நிரல் நேரத்தை எழுதவே இல்லை.

அத்தனை ஃபோல்டரும் 2009 என்றோ 2012 என்றோ ஒரே நாளைக் காட்டினால் ஏமாறாதீர்கள், அது அறிகுறி 1-தான். அந்தக் கணினிக்கு அதுதான் 'இன்று'. கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னால் ஓடியிருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். டார் பிரிக்கும்போது நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக எச்சரித்தாலும் முதலில் கணினியின் கடிகாரத்தையே பாருங்கள்.

எப்போது கை வைக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும்

டிஸ்க் டிக் டிக் என்று தட்டினால், 'இன்புட் அவுட்புட் எரர்' வந்தால், அல்லது டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்கச் சிரமப்படும் பகுதி) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். தேதிக்காக இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கும் ஆசையில் முழு டிஸ்க்கும் போகும். வயரைக் கழற்றி, ஈரம் படாமல் சுற்றி, கண்டியிலோ கொழும்பிலோ தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள். எங்கள் மூடுபனியில் நனைந்த பெட்டியை அடுப்பங்கரையில் காயவைத்துக் கொண்டு வந்தவரும் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம்.

நெட்வொர்க் பெட்டியில் இரண்டு டிஸ்க் ஒன்றாகச் சிவப்பு விளக்கு காட்டினால் 'ரீபில்ட்' பொத்தானை அழுத்தாதீர்கள். டார் பாதியில் எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று சொன்னால், வேறு பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதுவும் அவர்கள் வேலை.

சம்பள நிலுவை வழக்கோ கணக்காய்வோ நடந்துகொண்டிருக்கிற ஃபோல்டர் என்றால் டிஸ்க் நன்றாக இருந்தாலும் தொடாதீர்கள். மேலே சொன்ன எந்தத் திருத்தமும் அங்கே சாட்சியத்தை மாற்றுவதாக ஆகிவிடும். கிளாக்கர் ஐயாவின் டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தது. அதை மட்டும் அப்படியே விட்டு, டிஸ்க்கை உறையில் போட்டு ஒட்டி, வழக்கறிஞரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.